ஈயச்சொம்புக்குள் ஒரு நட்சத்திரம்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் ஈயச்சொம்பு இருக்கிறதா? வளவனூரில் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதில் வைத்தால்தான் ரசம் என்பார் பாட்டி. போன மாதம், அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. 'வேண்டாம், அது நட்சத்திரத்தில் செய்தது' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். உண்மையைத்தான் சொன்னேன்!

சொம்பைச் செய்தவர் கைவினைஞர். ஆனால், அதிலுள்ள வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? பூமி தோன்றுவதற்கு முன்பே, வயதான நட்சத்திரங்களின் வயிற்றில்தான் உலகிலுள்ள வெள்ளீயத்தின் பெரும் பகுதி உருவானது.

சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள், எரிபொருள் தீரத் தீர ஊதிப் பெருத்துச் சிவந்துவிடும். நம் சூரியனுக்கும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அந்த நிலை வரும். அப்படி முதுமை அடைந்த நட்சத்திரத்துக்குள் நியூட்ரான் என்னும் நுண்துகள்கள் பிறக்கும். முந்தைய தலைமுறை நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற இரும்பு அணு, அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அவசரமே கிடையாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல ஆண்டுகள்கூட ஆகலாம். இப்படியே படிப்படியாக ஏறி ஸ்ட்ரான்சியம், பேரியம், கடைசியில் காரீயம் வரை உருவாகும். கொதிக்கும் ரசத்தில் அடியிலுள்ள பருப்பு மேலே வருகிறதே, அதுபோல உள்ளே உருவானவை நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு வந்து சேரும்.

யார் பார்த்தார்கள் என்கிறீர்களா? நட்சத்திர ஒளியை வானவில்லாகப் பிரித்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள், நம் கைரேகை மாதிரி! 1952ல் அமெரிக்க விஞ்ஞானி பால் மெரில், சில சிவப்பு நட்சத்திரங்களில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். அங்கே உருவாகும் டெக்னீசியம் சுமார் 2 லட்சம் ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். நட்சத்திரத்தின் வயதோ பல கோடி ஆண்டுகள். அப்படியானால், அது பிறக்கும்போதே வந்ததாக இருக்க முடியாது. அங்கேயே புதிதாக உருவாகியிருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்!

தனிமங்கள் உருவாகும் விதத்தை ஆராய்ந்த வில்லியம் ஃபவுலர், 1983ல் நோபல் பரிசு பெற்றார். அதைப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்!

இவ்வளவு பெரிய கதையை, தனிம அட்டவணை என்று நாம் மனப்பாடம் மட்டும் செய்கிறோம். தலைநிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம். மேல்நோக்கி அடிக்கும் விளக்குகள் வானத்தை வெளுக்க வைக்கின்றன.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரியில் பூச்சி பொட்டு இருக்கும்; டியூஷன் முடிந்து நீங்கள் வீடு திரும்ப வேண்டும். ஆனால், நடப்பது தரையில்தானே? வெளிச்சம் வானத்துக்கு எதற்கு? விளக்கின் தலையில் ஒரு மூடி போட்டால் போதும். தெருவுக்கும் வெளிச்சம் கூடும், நட்சத்திரமும் தெரியும். இதைக் கேட்டுப் பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். பெரியவர்கள்தான் எழுத வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஆசிரியரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அடுத்த சுற்றுலா, காவலூர்! திருவண்ணாமலையைத் தாண்டி, ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்யப்பட்டது. 1986ல் திறக்கப்பட்டது. அந்த மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம், அங்கிருந்த நல்ல இருட்டு.

அதுவரை, மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போங்கள். சற்றே சிவந்து மின்னும் ரோகிணியைப் பாருங்கள். அதுவும் முதுமையில் பெருத்துவிட்ட நட்சத்திரம்தான். சூரியனைவிட 40 மடங்குக்கும் மேல் அகலம்!

எங்கள் ஈயச்சொம்பு இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. வயதானவை வீண் என்று யார் சொன்னாலும், மேலே கை காட்டுங்கள் குட்டீஸ்!