புகாருக்குப் பிறகான மாலை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைச் சாதிக் கொடுமையாக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் அது ஒரு பள்ளிக்கூடத்துக் கதையும்கூட என்பதை வசதியாக மறந்துவிட்டோம். பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர், உடன்படிக்கும் ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்துகிறார். ஆசிரியர்கள் விசாரிக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறார், அது புகாராகிறது. அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து வெட்டுகிறார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

ஆசிரியர்கள் கேட்டது தவறா? நிச்சயமாக இல்லை. வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் பள்ளிகளை நாம் அறிவோம். நம் ஆத்திரம் அதற்குப் பிந்தைய சில மணிநேரங்களைப் பற்றியது. புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எந்தப் பேருந்தில், யார் யாரோடு, எந்தத் தெருவுக்குத் திரும்புகிறான் என்று யோசிக்கும் பழக்கமே நம் பள்ளிகளுக்கு இல்லை. மணி அடித்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் பகை முடிவதில்லை.

வழக்கமான விசாரணை எப்படி நடக்கும் என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் பார்த்திருப்போம். தலைமையாசிரியர் அறை. அடித்தவனும் அடிவாங்கியவனும் அருகருகே நிற்பார்கள். 'நீ என்ன செய்தாய், சும்மாவா அடிப்பான்?' என்ற கேள்வி அடிபட்டவனிடம் முதலில் வரும். மன்னிப்புக் கடிதம், ஒரு கைகுலுக்கல், மிஞ்சினால் டி.சி. மிரட்டல். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை யார் பொருட்படுத்துகிறார்கள்? அதே சட்டம் ஆசிரியரின் பிரம்பைத் தடை செய்தது. சக மாணவனின் கையைப் பற்றி அது பேசவில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் ராகிங் என்றால் கல்லூரி விடுதி என்றே நம் மனத்தில் பதிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் 'பசங்க விளையாட்டு'.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையைத் தந்தது. நாம் எதைப் பற்றிச் சண்டையிட்டோம்? கையில் கட்டும் கயிறு, நெற்றித் திலகம். (2019இல் பள்ளிக்கல்வித் துறை வண்ணக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டபோதும் இதே கூச்சல்தான், அமைச்சரே பின்வாங்கினார்.) ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ராகிங், சாதிப் பாகுபாடு, பாலியல் சீண்டல் ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு நல அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்தது. அதற்காக எந்தத் தொலைக்காட்சியிலும் யாரும் தொண்டை கிழியப் பேசியதாக நமக்கு நினைவில்லை. 14417 என்ற உதவி எண்ணும் 'மாணவர் மனசு' பெட்டியும் இருக்கின்றன, இருக்கட்டும். பெட்டியில் விழுந்த தாளிலுள்ள கையெழுத்து யாருடையது என்று பள்ளியில் எத்தனை பேருக்குத் தெரியவரும் என்பதைப் பொறுத்தே ஒரு பிள்ளை அதில் எழுதும்.

இலக்கியம் பேசுகிற நமக்கும் இதில் பங்குண்டு. பள்ளி நினைவுகள் என்றால் நம் கட்டுரைகளில் வேப்பமரமும் கணக்கு வாத்தியார் பிரம்பும் கடைசி பெஞ்சுக் குறும்பும் தவறாமல் வரும். சக மாணவனுக்கு நாம் சூட்டிய பட்டப்பெயரை இன்றும் சிரித்துக்கொண்டே எழுதுகிறோம். அந்தப் பெயரைச் சுமந்தவன் தன் பள்ளி நினைவுகளை எழுத வந்தானா? வந்திருந்தால் நாம் பிரசுரித்திருப்போமா?

நாங்குநேரி மாணவர் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 பெற்றார். முதலமைச்சர் அழைத்துப் பாராட்டினார், நாமும் மகிழ்ந்தோம். 2025 ஏப்ரலில் திருநெல்வேலியில் அவர் மீண்டும் தாக்கப்பட்டார் என்ற செய்தியைப் படித்துவிட்டு எத்தனை பேர் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்? நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. புகார் சொன்ன பிள்ளையின் பெயர் அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அன்று மாலை அவனோடு ஒரு பெரியவர் வீடுவரை போக வேண்டும். மறுநாளும் போக வேண்டும்.