வெறுங்கையின் விலை

கடைக்குப் போகும் தமிழன் வெறுங்கையை வீசிக்கொண்டு போகக் கற்றது அண்மைக் காலத்தில்தான். அறுபது அகவை கடந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். எண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டிய புட்டி, பாலுக்குத் தூக்கு, அரிசி பருப்பிற்கு மஞ்சட்பை என ஒவ்வொன்றிற்கும் ஓர் ஏனம் வீட்டினின்று புறப்பட்டுச் சென்று பொருளோடு திரும்பி வந்தது. கடைக்காரர் தம் பங்கிற்குத் தருவது தாட்பொட்டலமும் சணல்நூலுமே. பதநீர் பனையோலைப் பட்டையிலும், கருப்பட்டி ஓலைக் கொட்டானிலும், பூ வாழையிலையிலும், வெண்ணெய் மந்தாரையிலையிலும் கைக்கு வந்தன. பயன்முடிந்து எறியப்பட்டவை மாட்டிற்கு உணவாயின. அன்றேல் மண்ணோடு மண்ணாயின.

இன்றோ வெறுமையாய்ப் போகும் கை பத்துப் பைகளோடு மீள்கின்றது. தக்காளிக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, அரைத்த மாவிற்கு ஒன்று. கொதிக்கக் கொதிக்கப் பருப்புக்குழம்பையும் தேநீரையுங்கூட மெல்லிய நெகிழிப்பையில் ஊற்றி முடிச்சிட்டுத் தருகின்றனர். நாமும் கூசாமல் வாங்கி வருகின்றோம். கடையிலிருந்து அடுக்களை வந்து சேரும் கால்மணி நேரமே அப்பையின் பயன். அது மண்ணில் மக்கி மறைவதற்கோ ஒரு மாந்தனின் வாழ்நாள் போதாது.

அரசு வாளாவிருந்தது என்பதற்கில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை வருமெனத் தமிழக அரசு 2018 சூன் 5ஆம் நாள் அறிவித்து, 2019 சனவரி முதல் நாளிலிருந்து அத்தடையை நடைமுறைப்படுத்தியது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. (மஞ்சட்பையோடு பேருந்தினின்று இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என எள்ளி நகையாடிய அதே சென்னையில் அதற்கு விழா எடுத்தனர் என்பது சுவையான செய்தி.) நடுவணரசின் தடை 2022 சூலையில் வந்தது. ஆயினும் என்ன? காய்கறிச் சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். தண்டத்திற்கு அஞ்சிய கடைக்காரர் பைக்கட்டைச் சாக்கிற்கடியில் மறைத்து வைத்திருக்கின்றார். "பை இல்லையா? பிறகெப்படிக் கொண்டுபோவது?" என நாம் சினந்து கேட்டவுடன் எடுத்து நீட்டுகின்றார். இங்குச் சட்டத்தை முறித்தவர் அவர் மட்டுந்தாமா?

இத்தூக்குப்பையின் பிறப்பு வரலாற்றையும் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். 1960களில் இதனை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் சுடென் குசுதாவ் துலின் என்பார். தாட்பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுதலைக் குறைக்கவே, பன்முறை பயன்படும் உறுதியான பையாக அவர் இதனைக் கருதினார் என்றும், ஒரு பையை மடித்துத் தம் சட்டைப்பையிலேயே எப்போதும் வைத்திருந்தார் என்றும் அவர்தம் மகனார் கூறியுள்ளார். எனவே, செய்தவன் கையில் அது மீண்டும் மீண்டும் பயன்பட்ட ஏனமே. வெறுங்கையோடு வந்தவன் கையிற்றான் குப்பையாயிற்று. பழிக்க வேண்டுவது பொருளையா, பழக்கத்தையா என்பார்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

குப்பையானபின் நிகழ்வது இன்னுங் கொடிது. மெல்லிய பைக்கு எடையில்லை, எடையில்லாததற்கு விலையில்லை, விலையில்லாததைப் பழம்பொருள் பொறுக்குவோரும் தீண்டுவதில்லை. மீந்த சோற்றைப் பையிலிட்டு இறுக முடிந்து தெருவில் எறிகின்றோம். சோற்று மணத்திற்கு வந்த மாடு பையோடு விழுங்குகின்றது. வயிற்றில் செரியாது திரண்டு அடைத்து, வாயற்ற அவ்வுயிர் தீனியெடுக்க மாட்டாமல் மெலிந்து சாகின்றது. எஞ்சியவற்றை விடியற்காலையில் வாசல் பெருக்கும் தாய்மார் சருகோடு கூட்டிக் கொளுத்துகின்றனர். நெகிழிக் குப்பையில் பி.வி.சி. என்னும் வகையும் கலந்திருக்கும். அது எரியுங்கால் டையாக்சின் என்னும் கொடுநஞ்சு உண்டாகின்றது. அப்புகையை முதலில் உட்கொள்வோர் கொளுத்திய அத்தாயும் அவர் இடுப்பிலுள்ள குழந்தையுமே. பழந்தமிழில் 'ஞெகிழி' என்பது கொள்ளிக்கட்டையைக் குறித்த சொல். நெகிழ்ந்து எவ்வுருவும் கொள்வதாகலின் இப்புதுப்பொருளை நாம் நெகிழி என்கின்றோம். வாசலில் அது எரியக் காணுந்தோறும் அப்பழம்பொருளே என் நினைவிற்கு வருகின்றது.

"ஏழை என்ன செய்வான்? அன்றாடங் கூலியில் ஒரு சிறு பொதிதானே அவனால் வாங்கவியலும்?" எனச் சிலர் வினவுவர். ஞாயமான வினாவே. ஆனால் அன்றாடங்காய்ச்சி நேற்றுத் தோன்றியவன் அல்லன். உழக்கும் ஆழாக்கும் அவனுக்காகவே கடையில் இருந்தன. கால் உழக்கு எண்ணெயும் அளந்து ஊற்றினார்கள். கையளவு புளியும் மடித்துக் கொடுத்தார்கள். இன்று அவனுக்கு விற்கப்படும் பளபளப்புச் சிறுபொதியோ பல படலங்கள் ஒட்டியது. பிரித்துருக்கி மீண்டும் பயன்கொள்ளுதல் அரிது. அளந்து விற்கும் கடை தெருவிற்கு ஒன்றேனும் இருக்குமாயின் அதனைத் தேடிச்சென்று வாங்குதல் நம் கடன். அக்கடை மூடப்பட்டபின் புலம்பிப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்குதல் ஒல்லாது என்பதும் உண்மையே. பால் பெரும்பாலான நகரங்களில் நெகிழிப்பையில்தான் வருகின்றது. அதன் மூலையை நறுக்கியெறியாமல் ஒட்டியிருக்குமாறு கீறிவிட்டால், பொறுக்கவியலாத அச்சிறு துண்டாவது மண்ணில் விழாது. பையைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்தால் பழந்தாள் வாங்குவோர் எடுத்துக்கொள்வர். உணவுக்கடைக்குச் செல்வோர் அடுக்குத்தூக்கை எடுத்துச் செல்லலாம். எவரும் மறுக்கக் காணேன். என் மாணவர் சிலர் இதற்கு நாணுகின்றனர். தூக்கோடு நடப்பது இழிவென்று அவர்க்குக் கற்பித்தவர் யார்? பெற்றோராகிய நாமே அல்லமோ? குறிப்பாக ஆடவர். வீட்டிற்குள் நெகிழி நுழைந்ததற்கு இல்லாளைக் குறைகூறும் ஆடவன், மாலையில் வரும் வழியில் வெறுங்கையோடு கடையேறி நான்கு பைகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றான்.

இனி நம்மவர்க்கு ஒரு சொல். நம் கூட்டங்களில் மேடைப்பேச்சு தூயதமிழ். மேடைக்குப் பின்னால் தொங்குவது பி.வி.சி. பதாகை. கூட்டம் கலைந்தபின் திடலில் கிடப்பன தண்ணீர்ப் பொதிகளும், நெகிழி பூசிய தாட்குவளைகளும். குறள் ஓதி நடத்தும் மணவிழாவிலும் இலைக்கொரு தண்ணீர்ப்புட்டி வைத்து, பாதி குடித்ததைக் குப்பையில் கொட்டுகின்றனர். வெண்கலச் செம்பும் குவளையும் வைத்து நீர் ஊற்ற இரண்டு இளைஞர் போதுமே! வரும் பொங்கல் விழா அழைப்பிதழில் 'அவரவர் குவளையைக் கொணர்க' என ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவொன்றுமில்லை. பதாகையைத் துணியில் எழுதலாம். அழகுற எழுதத் தெரிந்த ஓவியர் சிற்றூர்களில் இன்னும் இருக்கின்றனர், கையில் வேலையின்றி.