யாரிடம் சொல்லி அழுவது?

மல்லசமுத்திரம் இருக்கிற இதே நாமக்கல் மாவட்டத்தில்தான் பரமத்தி வேலூர் முகாமும் இருக்கிறது. 1983 முதல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த இலங்கைத் தமிழ்ச் சனங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் கிடக்கிறார்கள். அதில் பலர் மலையகத்தார். சேலம், திருச்சிச் சீமைச் சேரிகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 2019இல் இந்தியச் சட்டத்திருத்தமும் கைவிட்டது. 2021இல் ‘அகதி’ போய் ‘மறுவாழ்வு’ முகாம் என்று பேர் மாறியது. மனசு?

பட்டாசு வெடிச்சா இன்னும் உடம்பு நடுங்குதே, அதுக்கு ஊசியா போடுவது? யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே வழி காட்டினார். ஆசிரியர்களுக்கும் ஊர்த்தொண்டர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார். காயம் ஒரு ஆளுக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே என்றார்.

முகாமில் பிறந்து படித்த பிள்ளைகளுக்கே அந்தப் பயிற்சியும், சம்பளத்தோடு வேலையும் கொடு என்று கேட்போம். சாதி விசாரிச்சு தள்ளி நின்னு பேசறவங்ககிட்ட எந்தத் தாய் வாய் திறப்பா? கூடவே குடியுரிமையும் வேணும். நாளைக்கு எங்கே துரத்துவானோ என்று பயந்து கிடக்கிற மனசை வெறும் ஆறுதல் ஆற்றாது.

மாணவத் தோழர்களே, முகாம் சனங்களைத் தேடிப் போங்கள். பேசப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.