செவ்வாயில் தோஷம் எங்கே?

2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, பாறைமீது லேசர் பாய்ச்சி, எழும் சுடரின் ஒளியைப் பகுத்து, அதிலுள்ள தனிமங்களைக் கூறுகிறது. துளையிட்டெடுத்த தூளைத் தன் வயிற்றிலேயே ஆராய்கிறது. கண்டது என்ன? களிமண்! துருவேறிய இரும்பு! வற்றிய ஏரியின் தடம்! கணவனைக் கொல்லும் தோஷம் எந்தக் கல்லிலும் இல்லை!

2014இல் இந்நாட்டு மங்கள்யானும் அக்கோளை அடைந்து, சுற்றிப் படமெடுத்தது. ஆயினும், சாதகக் கட்டத்தில் செவ்வாய் நிற்கிறதாம். கன்னியர் கண்ணீரில் நிற்கின்றனர்! வகுப்பறையில் கோளென்று படித்துவிட்டு, வீட்டிற்குள் தோஷமென்று நடுங்குவதா? கோளுக்குக் கருவி அனுப்பிய நாட்டில், குமரியின் வாழ்வைக் கட்டத்துக்குள் பூட்டுவதா?

இளைஞர்களே, உறுதி கொள்வோம்: நம் திருமணத்தில் சாதகம் கேளோம், கேட்டால் கொடோம்! கட்டம் கிழியட்டும், கன்னியர் வாழ்வு மலரட்டும்!