எல்லா உப்பசமும் வாயு அல்ல

மூணாறு மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாய் சாப்பிட்டால் போதும், வயிறு நிரம்பிவிடுகிறது. முதலில் சுக்குக் கஷாயம். பிறகு எஸ்டேட் டிஸ்பென்சரியில் வாயு மாத்திரை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். ஒருவழியாக ஸ்கேன் எடுக்கும்போது பல மாதங்கள் ஓடிவிட்டிருக்கும். இது குமுளியிலும் நடக்கலாம், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையிலும் நடக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித் தாமதமாகத்தான் பிடிபடுகிறது.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் நம் நாட்டில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. சுமார் 33,000 பேர் உயிரிழந்தார்கள்.

இதை அறிகுறியே இல்லாத நோய் என்று டாக்டர்களே சொல்லி வந்ததுண்டு. அது முழு உண்மை அல்ல. முக்கிய அறிகுறிகள் நான்கு: வயிற்று உப்பசம், சிறிது சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு, வயிற்றிலோ அடிவயிற்றிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது. இவை எல்லோருக்கும் எப்போதாவது வருபவைதான். ஆனால் கடந்த ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் தொந்தரவு செய்தால் மகளிர் மருத்துவரிடம் போய்ப் பரிசோதனையும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோயாக இருக்காது. இல்லை என்று தெரிந்துகொள்வதும் லாபம்தானே.

சில தவறான நம்பிக்கைகளும் தாமதத்துக்குக் காரணம். 'கர்ப்பப்பையைத்தான் எடுத்தாகிவிட்டதே' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஆபரேஷனில் சினைப்பைகளை விட்டுவைப்பதும் உண்டு. எடுத்தார்களா, விட்டார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாப் ஸ்மியர் சோதனை கர்ப்பப்பை வாய்க்கானது. சினைப்பை நோயைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. வயிற்றுக் காசநோய், கர்ப்பப்பைக் கட்டி போன்றவற்றிலும் அந்த அளவு ஏறும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது: அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை ஆண்டுதோறும் செய்தும் மரணங்கள் குறையவில்லை. ஆகவே அறிகுறிகளைக் கவனிப்பது இன்னும் முக்கியமாகிறது.

ஏன் வருகிறது? இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. மாதவிலக்கு நின்ற பின் ஆபத்து கூடுகிறது. தாய், சகோதரி போன்ற நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் அதை அவசியம் சொல்லுங்கள். பிஆர்சிஏ-1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள பெண்கள் நூறு பேரில் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வரலாம். குழந்தைப்பேறு, தாய்ப்பால் கொடுத்தல், கருத்தடை மாத்திரை ஆகியவை ஆபத்தைக் குறைக்கின்றன. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் ஓரளவு குறைக்கிறது. இந்நோயில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கருதப்படுகிறது. ஆனால் குறைக்கிறது என்றால் தடுத்துவிடுகிறது என்று அர்த்தமல்ல.

சிகிச்சை என்பது அறுவையும் கீமோதெரபியும். பொதுவாக கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரு மருந்துகள் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, ஆறு தடவை ஏற்றப்படும். சினைப்பைக்குள்ளேயே நோய் இருக்கும்போது கண்டுபிடித்தால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்கின்றன மேலைநாட்டுக் கணக்குகள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது பத்தில் மூன்று பேராகக் குறைகிறது. இளம்பெண்களுக்கு வரும் ஒருவகைக் கட்டி மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். மறுபக்கச் சினைப்பையைக் காப்பாற்றித் தாய்மைக்கும் வழிவிடலாம்.

'பம்பாய்' படத்தில் நடித்த மனீஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்நோய் இருப்பது தெரிந்தது, அதுவும் முற்றிய நிலையில். நியூயார்க்கில் சிகிச்சை பெற்று மீண்டும் நடிக்க வந்தார். எல்லோராலும் நியூயார்க் போக முடியாது. ஆனால் அறுவை, கீமோதெரபி என்ற அதே அடிப்படைச் சிகிச்சை 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும், 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் கிடைக்கிறது.

எல்லைப் பகுதி மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர்தான். குமுளிக்காரர்களுக்குக் கோட்டயத்தைவிடத் தேனி பக்கம். ஆனால் தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழக ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கானது. கேரள கார்டு வைத்திருப்பவர்கள் தங்கள் காப்பீடு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது. ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய கட்டி தெரிந்தால், முதல் அறுவையே புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்ற மகளிர் நிபுணரிடம் நடக்க வேண்டும். கட்டி உடைந்து உள்ளே சிதறினால் நோய் பரவ வாய்ப்புண்டு. அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வயிறு தொந்தரவு செய்த நாட்களை வீட்டு மாதக் காலண்டரில் பேனாவால் குறித்து வாருங்கள். குறிகள் பன்னிரண்டைத் தாண்டினால், அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.