பழைய துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?



சென்ற வாரம் பள்ளி முடிந்து வரும் வழியில் என் பழைய மாணவன் ஒருவன் நிறுத்தினான். இப்போது செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை.

"சார், காட்டுப்பன்றி இளங்கன்றையெல்லாம் கிளறிப் போடுது. சிரம்பான்ல ஒருத்தர் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வச்சிருக்கார். மேலும் கீழுமா இரண்டு குழல். பணத்தைக் கொடுத்து எடுத்துக்கிட்டுப் போ, லைசென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றார்" என்றான்.

அந்த "அப்புறம்" என்ற சொல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களில் வேறு யாருக்கும் இந்த ஆசை இருக்கலாம். அதனால் அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குரியது, குடும்பத்துக்குரியதல்ல. அப்பாவின் துப்பாக்கி என்றாலும் மகன் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது. எதற்காக வேண்டும் என்று காரணம் காட்டிக் காவல் துறையிடம் மனுச் செய்ய வேண்டும். மறுத்தாலும் மறுப்பார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. குடும்பத்தலைவன் உள்ளே போனால் லயத்தில் அடுப்பு எரியுமா?

நம்மவர்களுக்கு இது புதிய பாடமல்ல. தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி, அவசரகாலச் சட்டத்தின் கீழ், கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத்தான் 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சட்டம் இன்று இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை விளையாட்டாக நினைக்கிற காலம் இன்னும் வரவில்லை.

காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு இன்னொரு அனுமதியும் வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பெர்ஹிலித்தான் இலாகாவில் வேட்டை லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

இவையெல்லாம் கைக்கு வந்தபின், லைசென்ஸ் உள்ள கடையில் துப்பாக்கியைப் பாருங்கள். கையில் வாங்கியதும் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலியா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் சொன்னார் என்று நம்பவேண்டாம்.

அடுத்து, குழல்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி போல் இருந்தால் நல்லது. துருக்குழியோ, வளையம் போல் நிழலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். வளைய நிழல் என்பது குழல் வீங்கியதற்கு அடையாளம். பிறகு குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடிக் கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை லேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மூட்டு தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு வாங்கிய விலையையும் மிஞ்சலாம்.

தோட்டா அறையின் நீளத்தையும் கேளுங்கள். பழைய துப்பாக்கி சிலவற்றில் 65 மில்லிமீட்டர்தான். பிற்காலத்தவற்றில் 70, 76 மில்லிமீட்டரும் உண்டு. சின்ன அறையில் நீளத் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் கூடிக் குழல் வெடிக்கக்கூடும். வெடிப்பது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் என்பதை மறக்கவேண்டாம்.

மண் தட்டு சுடும் போட்டிக்கு மேல்கீழ்க் குழல்தான் பலருக்குப் பிடிக்கும். ஒரே கோட்டில் குறி பார்க்கலாம் அல்லவா? 1998 காமன்வெல்த் விளையாட்டில் லங்காவியில் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்தன. அந்த ஆசை உள்ள இளைஞர்கள் முதலில் சுடும் கழகத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பிறகு வாங்கலாமா என்று யோசிக்கலாம்.

கடைசியாக, வீட்டில் வைப்பது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி உங்கள் இடுப்பில். என் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அலமாரியில் அப்பா என்ன வைத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்!

மாணவன் தலையைச் சொறிந்தான். "அப்ப அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன் சார். நாளைக்குக் காவல் நிலையம் போய்க் கேட்கிறேன்" என்றான். பன்றி இன்னும் சில கன்றைத் தின்னட்டும். கன்றை மறுபடி நட்டுக்கொள்ளலாம்.