தீயும் துளிரும்

பொதிகை மலையடிவாரத்தில் வாழ்வோருக்குக் காட்டுத்தீ எங்கோ தொலைவில் நிகழும் செய்தியன்று. கோடை இரவில் மலைச்சரிவில் செந்நிறக் கோடு நெளிந்து ஏறுவதைக் காண்போர் நெஞ்சில், 'தீயை உடனே அணைத்தாக வேண்டும்' என்னும் எண்ணமே எழும். அவ்வெண்ணம் இயல்பானது, பெரும்பாலும் சரியானதும்கூட. ஆயினும், தீ என்றாலே அது காட்டுக்குப் பகை என முடிவு செய்துவிடலாமா? காட்டுயிர்களின் நலன் கருதி, இடமும் காலமும் வரையறுத்து மனிதரே தீயிடும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. அவ்வழக்கம் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

புல்வெளியும் வரையாடும்

மலைப்புல்லின் வளர்முனை நிலத்தை ஒட்டியே அமைந்திருக்கும். காற்று அடங்கிய வேளையில் விரைந்து கடந்து செல்லும் சிறுதீ, மேலே உலர்ந்து நிற்கும் தாளை மட்டுமே எரிக்கும். மண் வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாது. ஆதலால் வேர் பிழைக்கும். முதிர்ந்த புல் நார் மிகுந்தது, சத்துக் குறைந்தது. எரிந்த இடத்தில் எழும் தளிரோ மென்மையும் புரதமும் மிக்கது. புல்லுண்ணும் விலங்குகள் அதை நாடி வருவதில் வியப்பில்லை.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் இதற்குத் தக்க சான்றாகும். சங்க இலக்கியம் வருடை என்று சுட்டும் வரையாடு, இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகில் அது மிகுதியாக வாழும் இடம் இரவிகுளமே. அந்நிலம் முன்னர் கண்ணன் தேவன் தேயிலை நிறுவனத்தின் வசமிருந்த வேட்டைக் காப்பிடம். தோட்ட மேலாளர்கள் அமைத்த சங்கம் அதைப் பேணியது. முதுவர் குடியினர் காவலராக இருந்தனர். புல்வெளி முழுவதையும் ஒரே வேளையில் கொளுத்தாமல், சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றித் தீயிடுவதே அங்கு நிலவிய முறை. 1971-இல் கேரள அரசு அந்நிலத்தை மீட்டது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. உரிமை கைமாறிய பின்னரும் அளவறிந்து தீயிடும் முறை கைவிடப்படவில்லை.

அமெரிக்காவின் தென்பகுதியிலும் இத்தகைய அனுபவம் உண்டு. அங்குத் தனியார் பண்ணைகளில் காடைகள் குறைந்து வந்ததன் காரணத்தை ஹெர்பர்ட் ஸ்டாடர்டு என்பவர் ஆராய்ந்தார். தீயை முற்றிலும் விலக்கியதால் புதர் மண்டிக் காடைகள் தம் வாழிடத்தை இழந்தன என்று அவர் 1931-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார்.

தடையின் இரு பக்கங்கள்

குறிஞ்சி நில மக்கள் காட்டைச் சுட்டுத் தினைப்புனம் அமைத்தனர் என்பதைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். பொதிகையில் வாழும் காணி மக்களும் முன்னர் அவ்வகை வேளாண்மை செய்தவர்களே. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. அத்தடை பல காடுகளை அழிவினின்று காத்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், எரியாத சருகு மறைந்துவிடுவதில்லை. மழைக்குறைவான காடுகளில் அது ஆண்டுதோறும் சேர்கிறது. சேர்ந்த சருகில் ஒருநாள் பற்றும் தீ, அடக்க முடியாத பெருந்தீயாகிறது. கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், தாம் இட்டுவந்த சிறுதீ தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி காடெங்கும் பரவியது என்கின்றனர்.

இதனால், தீயிடுதல் எங்கும் எவருக்கும் நன்று என்று கொள்வது பெரும்பிழை. தளிர்ப்புல் வேண்டி ஆடுமாடு மேய்ப்போர் சிலர் மறைவாக இடும் தீயும் இதே காரணத்துக்காக எழுவதே. நோக்கம் ஒன்றாயினும் விளைவு வேறு. வரம்பும் காவலும் இன்றி, உலர்ந்த காற்றில், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இடப்படும் தீ புல்லையும் நலிவிக்கும். மண்ணையும் அரித்துப் போக்கும். 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைக் கொண்டது. காய்ந்த புற்சரிவில் தீ எத்துணை விரைவாக மேலேறும் என்பதற்கு அத்துயரமே சான்று.

தாமிரபரணியின் தேவை

1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இக்காப்பகத்துள் ஒரே வகைக் காடு இல்லை. அடிவாரத்தில் முட்புதரும் இலையுதிர் காடும் உள்ளன. உயரத்தில் மழைக்காடும் சோலையும் புல்வெளியும் உள்ளன. மழைக்காட்டு மரங்கள் பல மெல்லிய பட்டையுடையவை, சிறுதீயையும் தாங்காதவை. மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுபவை அக்காடுகளே. அவை எரிந்தால் வரையாட்டுக்குப் புல் கிடைக்கலாம். பாபநாசத்துக்குக் கீழே நெல்வயலுக்கு நீர் கிடைக்காது.

ஆதலின், ஒவ்வோரிடத்துக்கும் தனித்தனி முடிவே தேவை. சிங்கம்பட்டி ஜமீன் காட்டின் ஒரு பகுதி 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமாயிற்று. அக்குத்தகை 2028-இல் முடிகிறது. அங்கு மீள வேண்டியது மழைக்காடு. அதற்குத் தீ உதவாது. அடிவாரக் காடுகளில் கோடைக்கு முன்னரே குறுகிய பட்டைகளாகச் சருகை எரித்து அமைக்கும் தீத்தடுப்புக் கோடுகள் போதும். உயர்ந்த மலைப் புல்வெளிகளில் மட்டும், ஆய்வு செய்து தேர்ந்த சிறுபகுதிகளில், சோலையின் விளிம்பைக் காத்து, வரையாடு குட்டி ஈனும் பாறைச்சரிவுகளை விலக்கித் தீயிடுவதை எண்ணிப் பார்க்கலாம்.

காட்டை ஒட்டிய பட்டா நிலத்தின் உரிமையாளர், 'என் நிலம், நான் எரிப்பேன்' என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. தீ எல்லைக்கல்லை அறியாது. காற்று திரும்பினால் ஒருவர் இட்ட தீ ஊருக்கே உரியதாகிவிடும். மேலைக்காற்று மழையின்றி வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அடிவாரத்தார் இதை நன்கறிவர். எனவே, தீயிடும் முடிவு வனத்துறையின் ஒப்புதலோடும், அண்டை நிலத்தார் அறியவும், தீயணைக்கும் ஆட்கள் சூழ நிற்கவும் எடுக்கப்பட வேண்டும். காற்றின் போக்கையும் புல்லின் ஈரத்தையும் கண்டறிந்து கூறவல்ல காணி மக்களைக் கூலியாட்களாக மட்டும் கருதாமல், முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்துதல் வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 காட்டைக் காத்து மேலாளும் உரிமையை அத்தகைய சமூகங்களுக்கு அளித்துள்ளது.

மதுரையை எரிக்கத் தீயை ஏவிய கண்ணகி, அறவோர், பசு, மூத்தோர், குழவி முதலியோரை விலக்குமாறும் அதற்கு ஆணையிட்டாள் என்கிறது சிலப்பதிகாரம். காப்பியத்தின் தீ அவ்வாணையைக் கேட்டது. காட்டின் தீ எவர் சொல்லையும் கேளாது. எதை எரிக்க வேண்டும், எதை எரிக்கக் கூடாது என்பதைத் தீயிடும் முன்பே அறிந்து, அதற்குரிய எல்லையை வகுக்க வேண்டியவன் மனிதனே. அவ்வறிவு இல்லாத இடத்தில் தீயை மூட்டாதிருப்பதே அறம்.